மோர் மணி

எங்கள் அம்மா ஜெயபாய்க்கு வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. தொண்ணூற்று நான்காம் வருஷம் சித்திரையில் மில்லுக்குள் மயங்கி விழுந்தபோது எந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் இடித்துக்கொண்டது. கேட்கிறவர்களிடம் குழாயடியில் வழுக்கிவிட்டதாகச் சொல்லுவாள். மயங்கி விழுந்தாள் என்று மேஸ்திரியைத் தாண்டி மில் ஆபீஸ் வரைக்கும் போனால் உடம்புக்கு ஆகாதவள் என்று பேர் வந்துவிடும். பேர் வந்தால் சைடு போய்விடும். ஒரு பெண் நின்று பார்க்கிற எந்திர வரிசைக்கு ராஜபாளையத்தில் சைடு என்று பெயர். அந்தச் சைடின் தயவில்தான் நான் எம்.எஸ்ஸி. வரை படித்தேன்.

நூல் மில்லுக்குள் போய்ப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஃபேன் கிடையாது. சன்னலைத் திறக்க மாட்டார்கள். காற்றடித்தால் பஞ்சு பறக்கும், காற்று காய்ந்தால் நூல் அறும். ஆகவே எந்நேரமும் நீர்த்திவலையை உள்ளே அனுப்பிப் புழுக்கமாகவே வைத்திருப்பார்கள். நூலுக்கு அது சுகம். மனிதர்களுக்குச் சித்திரை வைகாசியில் இட்லிக் கொப்பரைக்குள் நிற்கிற மாதிரி. நூலுக்காகத் தயார் செய்த காற்றில் மனிதர்களும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான் ஏற்பாடு.

இதில் ஒரே ஒரு நல்ல காரியம் இருந்தது. பழைய முதலாளி காலத்திலிருந்து, வெயில் மாதங்களில் மட்டும், சூடு உச்சத்தில் இருக்கும்போது ஒரு மணி அடிப்பார்கள். பாதிப் பேர் வெளியே போய் சைக்கிள் ஷெட் புங்கமரத்தடியில் உட்கார்ந்து நீர்மோர் குடித்துவிட்டு வருவார்கள். அதுவரை மீதிப் பேர் அவர்கள் சைடையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பிறகு இவர்கள் போவார்கள். பத்துப் பதினைந்து நிமிஷம்தான். அதற்கு மோர் மணி என்று பெயர். எந்தச் சட்டத்திலும் அது இல்லை. ஒரு முதலாளிக்கு ஒரு நாள் மனசு இளகியதில் வந்தது. அம்மா விழுந்த அன்று மோர் மணி அடிக்கப் பிந்திவிட்டது. ஏற்றுமதிக்கு லாரி நின்றதாம்.

தொண்ணூற்றிரண்டில் எங்கோ பிரேசிலில் உலகத் தலைவர்கள் கூடி, பூமி சூடாகிறது என்று கண்டுபிடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் தெருப் பெண்களிடம் கேட்டிருந்தால் விமானச் செலவு மிச்சமாகியிருக்கும். அதற்குப் பிறகு நான் ஆய்வு உதவியாளராக இருந்த பல்கலைக்கழகத்திலும் தட்பவெப்ப மாற்றத்துக்கென்று ஒரு மையம் திறந்தார்கள். தலைவர் பேராசிரியர் ஆராவமுதன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், நெற்றியில் ஒற்றைக் கோடு, குரலை உயர்த்தத் தெரியாத மனுஷர். பூமி சூடானால் தொழில்களுக்கு என்ன வரும், என்ன சட்டம் தேவை என்று மெட்ராஸில் ஒரு குழு யோசித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஆய்வு வேண்டும். ஆய்வுக்கு ஜீப்பும் சாப்பாடும் தங்குமிடமும் வேண்டும். எங்கள் ஊர் மில் முதலாளிகள் சிலர் சேர்ந்து, நாங்களும் கைகொடுக்கிறோம் என்று முன்வந்தார்கள். பல்கலைக்கழகமும் தொழிலதிபர்களும் கைகோத்து நிற்கிற படம் பேப்பரில் வந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்குத் தெரியாததில்லை. ஆனால் கேள்விகளை எழுதும் வேலை என் கையில் இருந்ததால் ஓநாய் அழுதால் அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மோர் மணியைச் சட்டமாக்க வேண்டும். பேராசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"சார், அது முதலாளி மனசுல இருக்கிற வரைக்கும்தான். மனசு மாறினா மணி நின்னுடும். சட்டத்துல ஏறிட்டா ஒருத்தரும் எடுக்க முடியாது. எல்லா மில்லுக்கும் வந்துடும்."

"பேஷா எழுதலாம், பரிபூரணம்," என்றார் என் பெயரைச் சொல்லி. "ஜனங்க வாயால வரணும். வந்தா நான் அப்படியே எழுதிடறேன்."

ஜனங்களின் வாயைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் தெரு அங்காளம்மாள் சித்தி ஒருத்தி போதும். வாயைத் திறந்தால் மில்லை வையாமல் மூட மாட்டாள். அம்மா விழுந்த அன்று தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்தவள் அவள்தான். மேஸ்திரி தடுத்ததற்கு, "ஒம் பொண்டாட்டி விழுந்தா இப்பிடித்தான் மணி பாப்பியாலே" என்று கேட்டவள்.

தொண்ணூற்றைந்து வைகாசியில் அம்மாவின் மில் கேன்டீனில் மேசை போட்டு ஆய்வு தொடங்கியது. நானும் மதுரையிலிருந்து வந்த ஒரு பையனும் கேள்வி கேட்டோம். மில்லின் தொழிலாளர் நல அதிகாரி காளிராஜ் வாசலோடு நின்றுகொண்டார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "உங்க வேலைல நான் தலையிடக் கூடாதும்மா" என்று சிரித்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் எங்களைவிட நல்ல தமிழ் பேசுவார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

முதல் வரிசைப் பெண்கள் உள்ளே வந்ததும் எனக்கு என்னவோ போலிருந்தது. எல்லோரும் தலைக்குக் குளித்திருந்தார்கள். தலை நிறையப் பூ. கல்யாண வீட்டுச் சேலைகளை எடுத்துக் கட்டியிருந்தார்கள். பஞ்சுத் தூசியில் நிற்கப் போகிறவர்கள் யாராவது இப்படி வருவார்களா? அங்காளம்மாள் சித்தி குங்குமமெல்லாம் வைத்துக்கொண்டு, என்னை முன்பின் தெரியாதவள் மாதிரி எதிரில் உட்கார்ந்தாள்.

"உள்ளே சூடு அதிகமா இருக்கா சித்தி?"

"சூடா? ஜிலுஜிலுன்னு இருக்கும்லா. வீட்டைவிட மில்லுதான் சொகம்."

"தலை சுத்தல், மயக்கம் வர்றதுண்டா?"

"யாருக்குமே வந்ததில்லையே."

"எங்கம்மா விழுந்தப்ப நீங்கதானே தூக்கிட்டு வந்தீங்க?"

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அதெல்லாம் இங்க கேக்காதட்டி. நான் சொல்லுதத எழுது." கண்ணைச் சிமிட்டினாள்.

"வெயில் காலத்துல ஓய்வு நேரம் வேணும்னு நினைக்கிறீங்களா?"

"எதுக்கு? சைடை விட்டுட்டுப் போனா வேலைக்குல்லா எடைஞ்சலு."

மில்லுக்குத் தேவையான வாசகத்தை மில் முதலாளியே இத்தனை சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. அடுத்து வந்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒரே ராகம். சொந்தத் தாயிடம் நான் கேள்வி கேட்கக் கூடாது என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அம்மாவை மதுரைப் பையன் கேட்டான். அவள் முந்தானையால் நெற்றியைத் துடைக்கிற சாக்கில் தழும்பை மறைத்துக்கொண்டு, "எனக்கு ஒரு கொறையும் இல்ல தம்பி" என்பது என் காதில் விழுந்தது.

மிரட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தக் காளிராஜ் என்ன சொல்லி மிரட்டினாரு?"

"மிரட்டவா? தங்கமான மனுசனைப் போயி." அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நேத்து ஷிப்ட் முடிஞ்சதும் எங்க எல்லாரையும் செத்த நேரம் நிக்கச் சொன்னாரு. நம்ம ஜெயபாய் மக டாக்டர் பட்டம் படிக்குது, அதுக்கு இதுதான் பரிட்சை. நீங்க சொல்லுத பதிலை வச்சித்தான் மார்க்கு. மெட்ராஸ்லயும் வெளிநாட்டுலயும் இருந்து திருத்துதாக. நீங்க கொறை சொன்னா அதுக்குக் கொறையும். நம்ம தெருப் பிள்ளைய நாமளே தோக்கடிக்கலாமான்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு."

அம்மா சந்தோஷமாகத் தொடர்ந்தாள்.

"நான் மிஷன் பள்ளிக்கூடத்துல மூணாப்பு படிக்கையில இன்ஸ்பெக்‌ஷன் வந்துச்சு. பிள்ளைக ஒழுங்காப் பதில் சொல்லலைன்னா டீச்சருக்கு வேலை போயிரும்னு சொன்னாக. எனக்குக் காய்ச்சல். ஆனாலும் நின்னு கணீர்னு சொன்னேன். எங்க டீச்சரை நாங்கதான் காப்பாத்துனோம். அது மாதிரிதான். ஏட்டி, அங்காளம்மா எப்பிடிச் சொன்னா? அவ வாய் சும்மா இருக்காதேன்னு எனக்குப் பயம்."

"அம்மா, இது பரிட்சை இல்ல. ஆராய்ச்சி. நீங்க சூடுன்னு சொன்னாத்தான் நல்லது. சொன்னாத்தான் மோர் மணி சட்டமாகும்."

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பரிதாபமும் பெருமையும் கலந்த சிரிப்பு.

"இப்பிடித்தான் சொல்லுவன்னும் சொன்னாரு. பிள்ளைக்கு நல்ல மனசு, உங்களுக்காகத் தன் மார்க்கை விட்டுக் குடுக்கப் பாக்கும், நீங்க விட்டுராதீகன்னு."

காளிராஜுக்கு எத்தனை மூளை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் சொன்னதில் முழுப் பொய் என்று ஒன்றும் இல்லை. நான் பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருந்தேன். இந்த ஆய்வும் அதில் சேரத்தான் போகிறது. மிரட்டியிருந்தால் அங்காளம்மாள் சித்தி அன்றே மேசையைக் கவிழ்த்திருப்பாள். பாசத்தைத் தூண்டிவிட்டு அவர் வாசலோடு நின்றுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

அன்று இரவே நாலு வீடு ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். "நீ கவலப்படாத, நாங்க இருக்கோம்" என்றார்கள். நான் எவ்வளவுக்கெவ்வளவு மன்றாடினேனோ அவ்வளவுக்கவ்வளவு அவர்கள் உறுதியானார்கள். மறுநாள் கேன்டீனில் பதில்கள் இன்னும் பிரமாதமாக வந்தன. ஒருத்தி மில்லுக்குள் குளிருவதாகவே சொல்லிவிட்டாள்.

பேராசிரியர் ஒரு மாதம் என்னிடம் பிடிகொடுக்கவில்லை. ஆனி முடிந்து ஆடியும் வந்துவிட்டது. ஆண்டாள் கோயில் தேருக்கு அவர் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்திருப்பது தெரிந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். ரத வீதி முழுக்க ஜனம். அவர் வீட்டுக் கூடத்தில் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய் உட்கார வைத்து, நான் சொன்ன எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"நீ சொல்றது நிஜமா இருக்கும்," என்றார். "இருக்கும் என்ன, நிஜம்தான். எனக்கே தெரியறது. ஆனா இத்தனை பேர் ஒரே மாதிரி சொல்லியிருக்கா. இதை நான் எந்தக் கணக்கை வச்சுத் தள்றது? அன்பினால் பொய் சொன்னார்கள்னு அறிக்கையில எழுத முடியுமா?"

"எழுதலாம் சார். அதுதான் நடந்தது."

அவர் விசிறியை எடுத்து வீசிக்கொண்டார்.

"இல்லைன்னா மறுபடி கேப்போம்," என்றேன். "மில்லுல வேண்டாம். வேற ஊர் மில் பொம்பளைங்களை அவங்க வீட்டுல வச்சுக் கேப்போம். என்னை யாருக்கும் தெரியாத ஊரா இருக்கட்டும். தேவதானம், சேத்தூர்ப் பக்கமெல்லாம் மில்லுக்கு வர்றவங்க இருக்காங்க. நானே பஸ்ஸுல போறேன், ஜீப்கூட வேண்டாம்."

"மில்காராளோட போட்ட ஒப்பந்தத்துல அவா சம்மதம் இல்லாம மேற்கொண்டு எதுவும் செய்யக் கூடாதுன்னு இருக்கே." கொஞ்சம் யோசித்தார். வெளியே வெடிச் சத்தம் கேட்டது, வடத்தைத் தொட்டுவிட்டார்கள். அவர் மனசு அங்கே போய்விட்டது. "தேர் நிலைக்கு வரட்டும். வந்ததும் நான் கிளம்பி வரேன். உக்காந்து பேசி ஒரு வழி பண்ணலாம்."

அந்த நாளில் தேர் நிலைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அதற்கென்ன, ஒரு வாரம் போகட்டும் என்று திரும்பினேன். தேர் ஒழுங்காக நிலைக்கு வந்துவிட்டது. நான் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அறிக்கை டைப் ஆகி, கையெழுத்தாகி, மெட்ராஸுக்குப் போய்விட்டிருந்தது. பேராசிரியர் ஒரு கருத்தரங்குக்கு டெல்லி போயிருந்தார். 'இப்பகுதித் தொழிலாளர்கள் வெப்பச் சூழலுக்கு இயல்பாகவே பழகியவர்கள். கோடைக்காலத் தனி ஓய்வு நேரத்திற்கான தேவை தொழிலாளர்களாலேயே உணரப்படவில்லை' என்று முடிவுரையில் இருந்தது. மோர் மணியைச் சட்டமாக்கக் கிளம்பின ஆய்வு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக்கூட முடியவில்லை. கட்டெறும்பு திரும்பி எங்களைக் கடிக்க வந்தது.

அறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பது கார்த்திகை மாதம் மில் கேன்டீனில் நடந்த வெளியீட்டு விழாவில் தெரிந்தது. மேடையில் முதலாளிகள், நடுவில் பேராசிரியர், ஓரத்தில் நான். முன்வரிசையில் அம்மாவும் அங்காளம்மாள் சித்தியும். பேராசிரியர் மைக்கில் நின்று சொன்னார்:

"இந்த ஆய்வின் நம்பகத்தன்மைக்கு ஒரே சாட்சி போதும். இதை நடத்தியவரே இந்த மில் தொழிலாளி ஒருவரின் மகள்."

கைதட்டல் அடங்குவதற்குள் நான் எழுந்து மைக்கைப் பிடித்துவிட்டேன்.

"இந்தப் புஸ்தகத்துல இருக்கிறது உண்மை இல்ல. இவங்க எல்லாரும் இதை என் பரிட்சைன்னு நினைச்சு, நான் பாஸாகணும்னு பொய் சொன்னாங்க. அப்படி நினைக்க வச்சது யாருன்னு இங்கேயே இருக்கிறவங்களுக்குத் தெரியும். உள்ளே சூடு தாங்கல. எங்கம்மா மயங்கி விழுந்திருக்காங்க. அந்தத் தழும்பைப் பாருங்க."

எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. கேன்டீனில் ஃபேன் உண்டு. ஒரு முதலாளி காளிராஜைப் பார்த்துத் தெலுங்கில் என்னவோ கேட்டார். அந்தக் கொஞ்ச நேரம் நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அங்காளம்மாள் சித்தி எழுந்து நின்றாள்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லலாமா?" சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பிள்ளை பயப்படுது. பெரிய எடத்துல பேரு வந்துட்டுல்லா, அதான். நாங்க சொன்னது அம்புட்டும் நெசம். மாரியாத்தா சத்தியமா சொல்லுதேன், உள்ள ஒரு சூடும் கெடையாது. யாருக்கும் ஒரு மயக்கமும் வந்ததில்ல. நம்ம பிள்ளைக்குக் குடுக்க வேண்டிய மார்க்கைக் குடுத்திருங்க."

அத்தனை பெண்களும் கைதட்டினார்கள். அம்மாவும் தலை நிமிராமல் தட்டினாள். அந்தக் கைதட்டலில் கொஞ்சம்கூடக் கள்ளம் இல்லை, அதனால்தான் எனக்கு இன்றுவரை அது காதைவிட்டுப் போகவில்லை. காளிராஜுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "என்ன தன்னடக்கம் பாருங்க" என்றபடி வந்து என் தோளில் ஒரு பொன்னாடையைப் போட்டார்.

படியிறங்கும்போது பேராசிரியர் என் பக்கத்தில் வந்து, "நீ பண்ணினதுதான் சரி" என்று என் காதில் மட்டும் விழும்படி சொன்னார். மைக் இரண்டடி தூரத்தில்தான் இருந்தது.

அந்த வாரமே ஆய்வையும் பட்டத்தையும் விட்டுவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. அம்மாவிடம் வேலை கிடைத்ததை மட்டும் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக் கோயிலில் பாதிரி ஐயர் அறிவிப்புகளை வாசிக்கும்போது, "மகள் பரிபூரணம் பரிட்சையில் தேறி உத்தியோகம் பெற்றதற்காக ஜெயபாய் அம்மாள் ஸ்தோத்திரக் காணிக்கை" என்று வாசித்தார். அம்மா என் கையை அழுத்தினாள். சபை ஸ்தோத்திரம் என்றது. நான் பாட்டுப் புஸ்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றாறு சித்திரை பிறந்தது. மோர் மணி அடிக்கவில்லை.

"ஏம்மா?"

"மோர் உண்டாம். கேன்டீன்ல வச்சிருக்காகளாம். போற போக்குல குடிச்சிக்கிடணுமாம். சைடை விட்டு வெளிய போயி உக்காரக் கூடாதாம்." அம்மா முறத்தை எடுத்துப் பருப்பில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். "ஒம் புஸ்தகத்துல போட்டிருக்காம்லா, அது வேண்டாம்னு."

அதில் குறை சொல்லும் தொனி இருந்ததா, பெருமை இருந்ததா என்று எனக்குப் புரியவில்லை. தெருவில் சில பெண்கள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்கள். மில் வாசலில் காளிராஜை மறித்துக் கேட்டேன்.

"இது அநியாயம் இல்லையா சார்?"

"என்னம்மா நீங்களே இப்பிடிக் கேட்டா எப்பிடி?" அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "ஆராய்ச்சி சொல்லுது. படிச்சவங்க சொன்னதைத்தானே நாங்க கேக்கணும்?"

வைகாசியில் ஒரு மத்தியானம் அங்காளம்மாள் சித்தி சைடுக்கு நடுவில் விழுந்தாள். தூக்கிக்கொண்டு ஓட இன்னொரு அங்காளம்மாள் அங்கே இல்லை. நூல் அறுந்து கிடப்பதைப் பார்த்து மேஸ்திரி வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது உடம்பு கொதித்ததாம். நினைவு திரும்பினபோது வலது கையும் காலும் திரும்பவில்லை. ஏற்கனவே ரத்தக் கொதிப்பு இருந்தது, வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மில்லில் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவுக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட், மத்தியானம் போனால் போதும். சனிக்கிழமை காலை பதினோரு மணி போல நானும் அவளும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சித்தி சுவரோரக் கட்டிலில் கிடந்தாள். ஊரையே வைத வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையை நீட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன்.

"எல்லாம் அவ வேலைதான்," என்றாள். பேச்சு குழறியது.

"யாரு சித்தி?"

"மாரியாத்தா. பொய்ச் சத்தியம் பண்ணுனேன்லா. சும்மா விடுவாளா?"

"அவ ஒண்ணும் பண்ணல சித்தி. மில்லுச் சூடு. மோர் மணி இருந்தா உங்களுக்கு இப்படி வந்திருக்காது."

"சூடு எல்லாருக்குந்தானட்டி? எனக்கு மட்டும் ஏன் வருது?" இதற்கு என்ன பதில் உண்டு என்று கேட்கிற மாதிரி பார்த்தாள். "போகட்டும். தெரிஞ்சிதான் பண்ணுனேன். வாரது வரட்டும்னுதான் பண்ணுனேன்."

நான் சொல்ல வாயெடுத்தேன். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். எந்தப் பரிட்சையும் நடக்கவில்லை, எந்த மார்க்கும் இல்லை, பட்டத்தை நான் பாதியில் விட்டுவிட்டேன், நீ கொடுத்த கையும் காலும் காளிராஜ் கணக்கில்தான் வரவு என்று. அதற்குள் அவளே கேட்டாள்.

"நீ பாஸாயிட்டேல்ல?"

அம்மா கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாஸாயிட்டேன் சித்தி."

"எம்புட்டு மார்க்கு?"

"நூத்துக்கு நூறு."

சித்தி சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது. "நான் சொன்னேன்லா, அம்புட்டு பேரையும் ஒரே வாயாச் சொல்ல வச்சேன்லா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தூங்கும் வரை கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தபோது தார் ரோடு இளகிக் கிடந்தது. பஸ் ஸ்டாண்டு வந்ததும் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அம்மா, வேலைய விட்டுரு. நான் சம்பாதிக்கேன்லா. இந்த வெயில் முடியிற வரைக்குமாவது போகாத. ஒரு தடவை விழுந்தவ நீ."

"சும்மா கெடட்டி. எனக்கு ஒண்ணும் வராது."

"அதெப்படித் தெரியும்?"

"அங்காளம்மா பொய்ச் சத்தியம் பண்ணுனா, பாவம். அவளுக்குத் தெரியாது. சத்தியமே பண்ணக் கூடாதுன்னுல்லா நம்ம வேதத்துல இருக்கு." அம்மா குரலில் அத்தனை நிம்மதி. "அன்னைக்கு மேடையில எல்லாரும் என்னையத்தான பாத்தாக. நான் வாயைத் தொறந்தேனா? கைதான தட்டுனேன். எனக்கு ஏன் வரப்போவுது?"

மில்லில் சங்கு ஊதியது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தழும்பு மறையத் தலையில் போட்டுக்கொண்டாள். "ரசம் அடுப்படியில இருக்கு, சுட வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டதென்று வெயிலில் வேகமாக நடந்தாள்.